ரோஸ்லினின் ஜமக்காளம்

இப்போது நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அன்றைக்குச் சாயம் ஏற்றிய லாட்டுகள் எல்லாம் வண்ண வரிகளாக ஒன்றின் கீழ் ஒன்று வந்து நிற்கின்றன. ஒரு வரி என்பது ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் மெஷினில் ஏற்றிச் சாயம் போடும் துணி. இடமிருந்து வலமாக நேரம் ஓடும். மெஷின் குளிர்ந்திருந்தால் நீலம், சூடு ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. எங்கள் டையிங் யூனிட்டில் அதற்கு ஜமக்காளம் என்று பெயர். அதை அங்கே முதலில் கொண்டுவந்தது நான் இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது.

ப்ராசஸ் கண்ட்ரோல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். நான் பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ரோஸ்லின் வருவதற்கு முன்னால் மெஷின்களின் சூட்டைப் படமாகப் போட்டுக் காட்டும் வேலை என்னுடையது. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கோடு. கோடு ஏறும், நிற்கும், இறங்கும். ஒரு வாரத்து லாட்டுகளை ஒரே தாளில் போட்டு, மெஷின் ஹால் வாசலில் ஒரு ஆணியில் மாட்டிவைப்பேன். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. எம்.டி. ஒருநாள் அதன் முன்னால் நின்று, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இடியாப்பத்தப் புழிஞ்சு உட்டாப்பல இருக்குது. இதுல நான் எதைப் பாக்கறது?"

"சேப்புக் கோடு நாலாவது மெஷினுங்க சார். அதை மட்டும் புடிச்சுட்டுப் போனீங்கன்னா..."

அவர் பிடித்துக்கொண்டு போகவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

ரோஸ்லினுக்கு ஊர் குண்டடம் பக்கம். என் வயதுதான், என் கிரேடுதான். வேறு கம்பெனியில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை எம்.டி. கூப்பிட்டு வந்து என் அறையிலேயே உட்கார வைத்தார். இரண்டு மேசைக்கும் சேர்த்து ஒரே ஃபேன். வந்த மாதமே என்னிடமிருந்து அதே சூட்டுக் கணக்கை வாங்கி, கோட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு லாட்டையும் ஒரு வண்ணப் பட்டையாக ஆக்கி, அடுக்கி, பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து வந்தார். எம்.டி. அதைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பவானி ஜமக்காளமாட்டவே இருக்குது! இந்த வரி மட்டும் நீலமாவே நிக்குதே, ஏனம்முணி?"

"அந்த லாட்டு சூடு ஏற நேரமாயிருக்குதுங் சார்."

"பாத்தீங்களா, எனக்கே தெரியுது!" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

அன்று சாயந்தரம் என் படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் ஜமக்காளத்தை மாட்டினார்கள். வேறு ஆணி அடிப்பதற்குச் சுவரில் இடமா இல்லை?

ரோஸ்லின் கொஞ்சம் கர்வம் பிடித்தவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அப்படி இல்லை. ஒவ்வொரு படத்தையும் மாட்டுவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்து, "ஏனுங்கண்ணா, இது சரியா இருக்குதுங்களா?" என்று கேட்பார். சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் யார் வந்தாலும் எம்.டி. முதலில் ஜமக்காளத்துக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவியே கேட்டாள். "ஏனுங்க, உங்க ஆபீசுல ஒரு பொண்ணு ஜமக்காளமாட்டப் படம் போட்டிருக்குதாமே? பக்கத்தூட்டுக்காரங்க சொன்னாங்க." கையில் எடுத்த ரசத்தைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் கோடு போட்டேன், பக்கத்து வீட்டில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நேவி ப்ளூ விவகாரம் வந்தது. ஒரு பெரிய ஆர்டர். டி-ஷர்ட்டின் உடம்புத் துணி ஒரு நீலம், கைத்துணி இன்னொரு நீலம் என்று ஆகிவிட்டது. சூடு ஒரே சீராக ஏறாவிட்டால் நேவி துணியில் சரியாகப் பிடிக்காது, லாட்டுக்கு லாட் ஷேடு மாறிவிடும். தைத்து முடித்த பிறகுதான் வெயிலில் தெரிந்தது. ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டு, காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு பையரின் ஆள் நேரிலேயே வருவதாகத் தகவல் வந்தது.

எம்.டி. ரோஸ்லினைக் கூப்பிட்டு, நேவி லாட்டுகளை எல்லாம் ஆள்வாரியாக அடுக்கிப் படம் போடச் சொன்னார். யார் யார் எந்த லாட்டை ஓட்டினார்கள் என்று இடது ஓரத்தில் பெயரோடு. அப்படி அடுக்கியதும் தாளின் கீழ்ப்பகுதியில் ஒரு கூட்டமாக நீலம் நீண்டு நின்றது. மற்றவர்களின் வரிகள் பச்சைக்கும் மஞ்சளுக்கும் போய்விட்ட இடத்தில் அந்த வரிகள் இன்னும் நீலத்திலேயே இருந்தன. அத்தனைக்கும் நேராக ஒரே பெயர்: முத்துப்பாண்டி. அந்தத் தாளும் வழக்கம்போல வாசல் ஆணிக்குத்தான் போனது.

முத்துப்பாண்டி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். மெஷின் ஆபரேட்டர். கம்பெனி கொடுத்த அறையில் குடும்பத்தோடு இருந்தார். மனைவி எங்கள் தையல் பிரிவில் மதிய ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளைக் கூட்டிவர ஒருவர் வேண்டும் என்பதால், எல்லா வாரமும் காலை ஆறு மணி ஷிப்டையே கேட்டு வாங்கியிருந்தார். நேவியைக் கெடுத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால் அந்த ரோட்டில் இருக்கும் எந்த டையிங்கிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். வேலையோடு அறையும் போகும், நடுவருஷத்தில் பிள்ளையின் படிப்பும் போகும்.

அவரை எம்.டி. அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் ரோஸ்லினும் இருந்தோம்.

"நான் ஸ்டீம் வால்வ முழுசாத் தொறந்துதான் வைக்கேன் சார். சூடு ஏறலேன்னா நான் என்ன செய்ய?" என்றார் முத்துப்பாண்டி.

"மத்தவிங்களுக்கெல்லாம் ஏறுதல்ல?"

"அது எனக்குத் தெரியாது சார். எம்மெஷின்ல ஏறல."

அவரை வெளியே அனுப்பிவிட்டு எம்.டி. எங்களிடம் திரும்பினார். "அம்முணி படத்துலயே பளிச்சுனு தெரியுதே. பையர் ஆளு வர்றப்ப, தப்பு பண்ணுனவன அனுப்பிச்சாச்சுன்னு சொல்லிப்போடலாம்."

ரோஸ்லினின் முகம் சுருங்கியது. "சார், இந்த வரிக மெதுவா ஏறுதுன்னு மட்டுந்தானுங்க படம் சொல்லுது. ஏன்னு சொல்லலீங்க."

"வேற ஆரு வரியாச்சும் அப்படி இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறமென்ன?"

ரோஸ்லின் துணைக்கு என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு முத்துப்பாண்டியின் ஞாபகம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. அந்தப் படம் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் முதலில் வந்தது. இளையவர்களே, ஒரு படத்தைப் பிடித்துப்போனவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். பிடிக்காதவன்தான் அதை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பான். அந்தத் தாளை அந்த வாரம் என்னைப் போலப் பார்த்தவர் யாரும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு அதன் இன்னொரு பிரிண்டை என் மேசையில் விரித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒரே இடத்தில்தான் தொடங்கியது. காலையில் ஏற்றிய லாட்டும் சரி, மதியம் ஏற்றிய லாட்டும் சரி, நடுராத்திரி ஏற்றியதும் சரி, எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். உண்மையில் ஒரு லாட் ஏறும்போது இன்னொன்று பாதியில் இருக்கும், வேறொன்று முடிந்துகொண்டிருக்கும். கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போட்ட படம் என்ன படம்? மாட்டிக்கொண்டாயா ரோஸ்லின் என்று எனக்குள் ஒரே குதூகலம்.

கத்தரிக்கோலை எடுத்து ஜமக்காளத்தை வரி வரியாக வெட்டினேன். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஒவ்வொரு லாட்டும் எத்தனை மணிக்கு ஏறியது என்பது அதனதன் விவரம் எழுதிய பேட்ச் கார்டில் இருந்தது. பட்டைகள் பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய, ஒவ்வொரு பட்டையையும் அதன் நேரத்துக்குத் தக்கபடி வலப்பக்கம் தள்ளித் தள்ளி ஒரு பெரிய அட்டையில் ஒட்டினேன். எல்லாம் கன்னாபின்னாவென்று கலைந்துபோகும், அதை எம்.டி.யிடம் காட்டி ஒரு போடு போடலாம் என்பது என் எண்ணம்.

கலையவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிறிய பட்டை நேராக இறங்கியது. காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எந்த மெஷினாக இருந்தாலும், யார் ஓட்டினாலும், அந்நேரம் ஓடிய அத்தனை வரிகளிலும் அந்த இடத்தில் ஏதோ நடந்திருந்தது. ராத்திரி ஏற்றிய லாட்டுகள் அந்நேரம் சூடேறி நின்றுகொண்டிருந்தன. அவற்றில் சிவப்பு லேசாக ஆரஞ்சுக்கு மங்கித் திரும்பியிருந்தது. பழைய படத்தில் அது வரிக்கு ஒரு மூலையில் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. மற்ற மெஷின்களில் ராத்திரி ஏற்றியதே இன்னும் ஓடிக்கொண்டிருக்க, முத்துப்பாண்டி மட்டும் தினமும் அதே நேரத்தில் புது லாட்டை ஏற்றிச் சூடேற்றத் தொடங்குவார். அதனால் அடி முழுக்க அவர் வரிகளில் விழுந்தது. அவருடைய மெஷின் கெடவில்லை. எல்லா மெஷினையும் சூடாக்குவது ஒரே பாய்லரின் நீராவி, அந்த நேரத்தில் யூனிட் முழுக்கவே அது குறைகிறது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மனசு கசந்தது. ஏனென்றால் என் இடியாப்பத்தில் நூறு வருஷம் தேடினாலும் இந்தப் பட்டை தெரிந்திருக்காது. ரோஸ்லினின் வண்ணத்தில்தான் அது தெரிந்தது. நான் வெட்டியும் அந்தப் படம் தோற்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய் நீராவிக் குழாய்கள் பிரியும் இடத்தில் நின்றேன். நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் சரியாக நின்றிருந்தது, சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கியது. எந்தக் குழாய் சுடுகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். புதிதாகப் பெயின்ட் பூசிய குழாய் ஒன்று ஹாலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, தொழிலாளர் ஹாஸ்டல் சமையலறைக்குள் போனது. உள்ளே பெரிய பெரிய இட்லிப் பெட்டிகள் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சமையல்கார அம்மா என்னைப் பார்த்ததும் ஒரு தட்டை நீட்டினார்.

"வாங்க சார், சூடா நாலு இட்லி சாப்புட்டுப் போங்க. அடுப்பு வெச்ச காலத்துல இந்தப் பதம் வராதுங்க."

ஹாஸ்டலை விரிவாக்கியபோது பாய்லரிலிருந்து அங்கே ஒரு குழாய் இழுத்திருந்தார்கள். அது எம்.டி.யின் சொந்த யோசனை. அவரே வால்வைத் திருகித் தொடங்கிவைத்தார். வருகிற பையர்களுக்கு ஜமக்காளத்துக்கு அடுத்தபடியாக அவர் காட்டுவது அந்தச் சமையலறையைத்தான். நேவியைக் கெடுத்தது அந்த இட்லி. இதை யார் போய் அவரிடம் சொல்வது?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஜமக்காளம் தப்பு, ஆள்வாரியாக அடுக்கியது ஏமாற்றுகிறது என்று சொல்வது ஒன்று. அதைச் சொல்ல என் நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் ரோஸ்லினின் படம் ஆணியிலிருந்து இறங்கும். ஆனால் படத்தையே பொய் என்று சொல்லிவிட்டால் இட்லிக் குழாய்க்கு என்ன சாட்சி? எம்.டி. தன் சமையலறையை விட்டுக்கொடுக்க மாட்டார், ஆபரேட்டரைத்தான் விடுவார். முத்துப்பாண்டி பிழைக்க வேண்டுமென்றால், அந்தப் படம் சத்தியம் என்று நான் எம்.டி.யின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். ரோஸ்லினின் கொடியை நானே பிடிக்க வேண்டும்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். ரோஸ்லினும் அங்கே இருந்தார். முத்துப்பாண்டியின் கணக்கை முடிக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஆரு போட்ட படம்?" என்றார் எம்.டி.

"ரோஸ்லின் போட்டதுதானுங் சார்."

"அப்பறம் ஏன் கந்தலாட்டம் இருக்குது?"

"நாந்தான் வெட்டினேனுங்க." ரோஸ்லின் சட்டென்று தலை நிமிர்ந்தார். நான் அவர் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தேன். "சார், இந்தப் படத்த மாதிரி நம்ம யூனிட்டுல ஒண்ணு வந்ததில்லீங்க. அது சொன்னதெல்லாம் நெசந்தானுங்க. நாமதான் லாட்டு எப்ப ஏறுச்சுன்னு பாக்காம அடுக்கிப்போட்டோம். கடியார நேரத்துக்கு நகத்தி வெச்சா, இந்த எடத்துல அந்நேரம் ஓடுன அத்தன பேரு வரியும் வெளுக்குதுங்க. முத்துப்பாண்டி வரி மட்டுமில்லீங்க."

எம்.டி. அட்டையின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். அவர் கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "தெனமுமா? அந்நேரத்துல நம்ம யூனிட்டுல என்ன நடக்குது?"

ரோஸ்லினுக்கு விடை தெரியாது. எனக்குத் தெரியும்.

"இட்லி வேகுதுங் சார்," என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "என்ன பேசறீங்க? இட்டிலிக்கும் நேவிக்கும் என்ன சம்பந்தம்?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் சமையலுக்கு கேஸ் அடுப்பு வெக்கலாமுங்க. அதே மெஷின், அதே நேவி, அதே முத்துப்பாண்டி. அப்பவும் மெதுவா ஏறுச்சுன்னா அவரோட என்னையும் சேத்து அனுப்பிச்சுருங்க."

இந்தக் கடைசி வாக்கியம் நான் யோசித்துச் சொன்னது இல்லை. ரோஸ்லினுக்கு முன்னால் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் பேங்க் பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை மெஷினுக்கு முன்னால் நாங்கள் நால்வரும் நின்றோம். ரோஸ்லின் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு வரி, நீலமாகத் தொடங்கி வலப்பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. முத்துப்பாண்டி வால்வைத் திறந்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். வரி நீலத்தைத் தாண்டிப் பச்சைக்கு வந்தது. வழக்கமாகத் தேங்கி நிற்கும் இடமும் வந்தது. நிற்கவில்லை. மஞ்சளுக்குப் போய், மடமடவென்று சிவப்புக்கு ஏறியது. மதியம் துணியை வெளியே எடுத்து, சரியாக வந்த பழைய லாட்டின் பக்கத்தில் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே நீலம்.

எம்.டி. வாய்விட்டுச் சிரித்தார். "அம்முணி, உம்பட ஜமக்காளம் தப்பவே தப்பாது! முத்துப்பாண்டி, நீ போய் வேலையப் பாரு. இட்லிக்கு வேற ஏற்பாடு பண்ணிப்போடலாம்." அப்புறம் என் தோளைத் தட்டி, "நீங்களும் ஒத்தாசையா இருந்தீங்க தம்பி" என்றார். ஒத்தாசை! அந்த வார்த்தை ரொம்ப நாளைக்கு என் காதிலேயே கிடந்தது.

ரோஸ்லின் அறைக்கு வந்து, நான் வெட்டி ஒட்டிய அட்டையை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் படத்தை வெட்டியதற்குச் சண்டைக்கு வருவார் என்று நான் தயாராகவே இருந்தேன்.

"ஏனுங்கண்ணா," என்றார் கடைசியில். "தெனமும் நான் பாத்துட்டிருந்த படம். நகத்திப் பாக்கோணும்னு எனக்கு ஏனுங்க தோணலை? உங்க மேல அத்தன வயித்தெரிச்சலா இருக்குதுங்க எனக்கு."

"என்ன சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே மனசுக்கு நிறைவானது அதுதான். அதோடு நிற்காமல், கடிகார நேரத்துக்கு வரிகளை அடுக்கும் யோசனை யாருடையது என்று இருவரும் தர்க்கம் பண்ணத் தொடங்கினோம். வண்ணம் அவருடையது, நகர்த்தியது நான், கத்தரிக்கோல் ஆபீசுடையது என்று அது போய்க்கொண்டிருந்தது. கதவருகில் முத்துப்பாண்டி வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யாருக்கு முதலில் சொல்லப்போகிறார் என்றும் நினைத்தேன்.

"வேலைய மீட்டுக் குடுத்துட்டீக, அது சரி," என்றார். "ஆனா வாசல்ல அந்தப் படம் இன்னும் தொங்குது சார். எம்பேரோட. போறவன் வாரவன் எல்லாம் படிச்சிட்டுப் போறான். தையல் லைன்ல எம்பொண்டாட்டிகிட்ட, உம்புருசந்தான் துணியக் கெடுத்தவனாமேன்னு கேட்டுருக்காக. நேத்து பள்ளிக்கூடம் அரைநாள்தான், எம்மக ஷிப்ட் விடுற நேரத்துக்கு என்னைத் தேடி வந்தா. வாசல்ல நின்னு ஒவ்வொரு எழுத்தா கூட்டி வாசிச்சா, அவ அப்பன் பேரை. நீங்க ரெண்டு பேரும் அது யாரு படம்ன்னு பேசிக்கிட்டே இருங்க. எம்பேரை எப்ப எடுப்பீக?"

ரோஸ்லினும் நானும் ஒன்றாக எழுந்தோம். அறையில் இருந்தது ஒரே ஸ்டூல். அதை நான்தான் முதலில் பிடித்தேன். வாசலுக்குப் போய் ஏறி அந்தப் படத்தைக் கழற்றினேன், கீழே நின்ற ரோஸ்லின் அதை வாங்கி, பெயர் இருந்த ஓரத்தைக் கையாலேயே கிழித்து முத்துப்பாண்டியிடம் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிவரக் கிளம்பிப் போனார்.